உங்கள் கைக்கடிகாரம் மிக அழகாக உள்ளது

மார்ச் 28, கியோட்டோ

டைரியின் முதல் பக்கத்தை விமானத்திலேயே நிரப்பிவிட்டேன். பெயர்: சுயம்புலிங்கம். ஊர்: கோவில்பட்டி. தொழில்: பாத்திரம். ரத்த வகை: தெரியவில்லை, கேட்டு எழுத வேண்டும். அவசரத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தில் 'செல்வக்கனி, மகள்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் மனைவி பெயரையல்லவா போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. பரவாயில்லை. அன்னப்பழம் எப்படியும் போனை எடுக்க மாட்டாள்.

பயணம் மகளின் ஏற்பாடு. படிப்பை முடித்துக் கடைக்கு வந்து நாலு வருஷமாகிறது.

"அப்பா, சைக்கிள்ல பாத்திரம் வித்துத்தான கடை போட்டீங்க? ஜப்பான்ல ஒரு ஊரு இருக்கு. பழைய தலைநகரம். சின்னப்பிள்ளையில இருந்து கிழவி வரைக்கும் சைக்கிள்தானாம். ரூமோட சைக்கிளும் தாராங்க. போயி நல்லா சுத்திட்டு வாங்க. கல்லாவ நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

டிக்கெட் இரண்டு பேருக்கு. அன்னப்பழம், "பச்சை மீனை நீங்களே தின்னுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஒண்டியாக வந்திருக்கிறேன்.

ஒப்பந்தம் இதுதான். நான் திரும்பும் வரை கல்லாவில் அவள் உட்காருவாள். சித்திரை ஒன்று எங்களுக்குப் புதுக்கணக்கு. அன்றைக்குக் கடை அவள் கைக்குப் போகுமா, என் கையிலேயே இருக்குமா என்று நான் வந்து சொல்ல வேண்டும். ஆக, சோதனை அவளுக்கு. எனக்கு ஓய்வு.

விமான நிலையத்தில் சோதனை போட்டபோது என் சட்டைப்பையில் கல்லாச் சாவி இருந்தது. எப்படி வந்ததென்று தெரியவில்லை. கைக்குட்டையில் சுற்றி, ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தது.

மார்ச் 29

சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். முதலில் கௌரவம் பார்த்தேன். தெருவில் கோட்டு போட்ட மேனேஜர் மாதிரி ஒருவர் இதே சைக்கிளில் கூடையில் முட்டைக்கோசுடன் போனார். ஏறிவிட்டேன்.

ஓட்டி முப்பது வருஷம் இருக்கும். மனசுக்குத்தான் பயம், காலுக்கு இல்லை. கால் பாட்டுக்கு மிதித்தது. இங்கும் இடது பக்கம்தான் போக வேண்டும். நம் ஊரிலும் அப்படித்தான், ஆனால் இங்கே போகிறார்கள்.

ஊர் சதுரம் சதுரமாக, கடப்பாக் கல் பதித்த தளம்போல நேர்நேர் தெருவாக இருக்கிறது. தொலைந்து போக முடியாது என்று நினைத்தேன். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்ததால் தொலைந்து போனேன். ஒரு சரிவில் இறங்கும்போது வாய் தன்னால் திறந்து, "பழைய துணிக்குப் பாத்திரோ...ம்!" என்று முழுத் தொண்டையில் ஒரு குரல் வந்துவிட்டது. அந்தத் தெருவில் ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு அம்மா எட்டிப் பார்த்துக் குனிந்து வணங்கினார். துணி எதுவும் போடவில்லை.

காலையில் கிளம்பும்போது விடுதிக்கார அம்மா வாசல்வரை வந்து "இத்தெராஷ்ஷாய்" என்றார். மகள் போனில் போட்டுக் கொடுத்த மொழிபெயர்ப்பு ஆப்பிடம் காட்டினேன். "சென்று வாருங்கள்" என்றது. அட, நம்ம 'போயிட்டு வாங்க'. அந்த ஆப் பேசுவது பழைய ரேடியோவில் செய்தி வாசிப்பது போலவே இருக்கிறது.

சாயங்காலம் மகளின் போனிலிருந்து அன்னப்பழம் பேசினாள்.

"ஏங்க, என் முட்டுவலி மாத்திரைய எங்க வச்சீய?"

"எனக்கென்ன தெரியும்?"

"கல்லாவுக்குள்ளதான வாங்கி வச்சீய. அது பூட்டிக் கிடக்கு. சாவியக் காணோம்."

"நல்லாத் தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 30

தெற்கே மலையடிவாரக் கோயில். சிவப்பு வாசல்கள், ஒன்றன்பின் ஒன்றாக மலை உச்சிவரை. எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தூணிலும் எழுத்து. ஆப்பிடம் காட்டினால் கம்பெனிப் பெயர், தேதி. உபயம்! நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவோமே, அதேதான். இவர்கள் பெயரைப் பின்னால் எழுதுகிறார்கள். சாமி கும்பிட்டுத் திரும்பி வருகிறவன் கண்ணில் படுமாம். வியாபாரிகள்.

வழியில் ஒரு பீங்கான் கடை. கிண்ணம் பிடித்திருந்தது. மொத்தமாக எடுத்தால் என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "சொத்தோ..." என்றார். சொத்து விவரம் கேட்கிறாரோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். ஆப், "சற்று..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. சற்று என்ன? ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் வாக்கியம்.

வெளியே வந்து சைக்கிளில் ஏறியபோது புரிந்தது. 'முடியாது' என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நானும் கடையில் 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டேன். "பார்ப்போம்" என்பேன். அந்தப் 'பார்ப்போம்' கேட்ட பிறகு எவனும் திரும்பி வந்ததில்லை. இந்த ஊர் பாஷை எனக்குப் படிக்காமலே வரும்போல.

கடையில் இருக்கும் தவசியைப் போனில் கூப்பிட்டேன். என்னிடம் வெகுகாலமாகக் கவுண்டரில் நிற்கும் ஆள். அவன் 'பாப்பா' என்று கூப்பிடும் என் மகளுக்குத் தெரியாமல் எனக்கு நிலவரம் சொல்ல ஏற்பாடு.

"தவசி, கல்லாவ யாராச்சும் உடைச்சுத் திறந்தாங்களா?"

"ஒருத்தரும் தொடலை அண்ணாச்சி. அப்படியே கிடக்கு."

சந்தோஷமாக இருந்தது. "அப்ப பணத்த எங்க வைக்கா?"

"பணம் எங்க அண்ணாச்சி வருது? எல்லாம் போன்லயே விழுந்துருது. சில்லறைக்கு மட்டும் பாப்பா ஒரு தூக்குச்சட்டி வச்சிருக்கு."

"என்ன தூக்கு?"

"நம்ம கடைத் தூக்குதான். லேசா சொட்டை விழுந்தது, விக்காமக் கிடந்துச்சே, அது."

மார்ச் 31

மழை. அறையில் இருந்தேன். சாவி பத்திரமாக இருக்கிறது.

ஏப்ரல் 1

ஆற்றங்கரையில் சைக்கிள் பாதை. இரண்டு பக்கமும் பூத்த மரம். நன்றாகத்தான் இருக்கிறது. விசாரித்ததில் இந்த ஜாதி காய்க்காதாம். காய்க்காத மரத்துக்கு இவ்வளவு கூட்டம்.

பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். என் வயது, அல்லது இரண்டு கூட. என்னைத் தாண்டிப் போய் நின்று, திரும்பி வந்து, என் சீட்டைக் காட்டி ஏதோ சொன்னார். போனை நீட்டினேன்.

"தங்கள் இருக்கை தாழ்வாக உள்ளது. தாங்கள் தவளையைப் போல் மிதிக்கிறீர்கள்" என்றது போன்.

சொல்லிவிட்டு அவரே இறங்கிச் சீட்டை உயர்த்தினார். அதன்பின் மிதித்துப் பார்த்தால் சைக்கிள் பறக்கிறது. நான் அவரை முந்தினேன். அவர் என்னை முந்தினார். பாலம் பாலமாக இரண்டு கிழவன்களும் பேச்சே இல்லாமல் போட்டி போட்டோம். கடைசியில் இருவரும் ஒரே பெஞ்சில் மூச்சு வாங்கினோம். யார் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. நான்தான்.

பெயர் கிதாஜிமா. கையில் இருந்த கடலை மிட்டாயை நீட்டினேன். ஒரு கடி கடித்தவர் அப்படியே நிறுத்தினார். திரும்பிக்கொண்டார். கைக்குட்டையை வாயில் வைத்து ஏதோ செய்தார். நம் ஊர் கடலை மிட்டாய்க்கு அவருடைய பல்செட் தோற்றுவிட்டது. சரி செய்துகொண்டு, மீதித் துண்டையும் வாங்கி, சப்பிச் சாப்பிட்டு முடித்தார். மனுஷன்!

அவரும் கடைக்காரராம். செம்பில் டீத்தூள் டப்பா, கெண்டி. பாத்திரம்! கட்டிப் பிடித்திருப்பேன், இங்கே வழக்கமில்லை. இப்போது மகன் பார்க்கிறானாம். "நான் தினமும் மிதிவண்டியில் செல்கிறேன்" என்றார். எங்கே என்று கேட்டேன். ஆற்றைக் காட்டினார்.

ஏப்ரல் 2

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மார்க்கெட் பக்கம் நடைபாதையில் வரிசையாகச் சைக்கிள் நின்றது. நானும் விட்டேன். கூடையில் மறந்துவிட்ட தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தால், ஹேண்டில்பாரில் மஞ்சள் சீட்டு ஒன்று கட்டியிருக்கிறது. ஆள் யாரையும் காணோம். என்ன நேர்மை! நம் ஊர் ஸ்டாண்டில் டோக்கன் கட்டும் முன்னால் காசைப் பிடுங்கிவிடுவான். இங்கே டோக்கன் முதலில், காசு பிறகு. டோக்கன் இல்லாமல் சைக்கிளை எடுக்க விட மாட்டார்களே என்று அதை ஜாக்கிரதையாக அவிழ்த்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஊறுகாய்க் கடைகளைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. என் சைக்கிள் மட்டுமல்ல, அந்த வரிசையே இல்லை.

போலீஸ்காரரிடம் டோக்கனைக் காட்டி, "சைக்கிளைக் கொடுங்க" என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆப் வாசித்தது: "இங்கு மிதிவண்டி நிறுத்துதல் கூடாது. உடனே அகற்றாவிடில் எடுத்துச் செல்லப்படும்."

ஆக, இந்த நகரத்தின் வரலாற்றில் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்திய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

பறித்த சைக்கிள்களை வைத்திருக்கும் இடம் நடந்தால் தூரம். நடந்தேன். போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் சைக்கிள், நூல் பிடித்தாற்போல வரிசை. அடுக்கியவனை அழைத்துவந்து என் குடோனில் விட வேண்டும். அலுவலர் என் சைக்கிளைத் தள்ளிவந்து சாவி கேட்டார். சைக்கிள் சாவியையும் கல்லாச் சாவியையும் நேற்றுத்தான் ஒரே கயிற்றில் கோத்திருந்தேன். அவர் முதலில் கல்லாச் சாவியை எடுத்துப் பூட்டில் திணித்தார்.

"அது இல்லை" என்று கத்திவிட்டேன்.

"இந்தத் திறவுகோல் எதற்குரியது?" என்றது போன்.

"கடையோட கல்லா."

"கடை எங்குள்ளது?"

"கோவில்பட்டி."

அவர் சுவரில் இருந்த கியோட்டோ வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினார். இந்தியா என்றேன். விரலை எடுத்துவிட்டு, மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படியாயின், இப்பொழுது அங்கே எவ்வாறு திறக்கிறார்கள்?"

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

பழைய கோட்டை. தரையில் நடந்தால் குருவி கத்துவது போல் கீச்சுக் கீச்சென்கிறது. திருடன் வந்தால் தெரியுமாம். கல்லாவுக்குப் பின்னால் இப்படி ஒரு பலகை போட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். உடனே, அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு யோசனை. முடிவு செய்யவில்லை.

தவசி கூப்பிட்டான். குரல் பம்மியது.

"அண்ணாச்சி, கயத்தாறு மண்டபத்துக்காரர் வந்தாரு."

பெரிய ஆள். புது மண்டபத்துக்கு அண்டா, குண்டான், சாம்பார் வாளி எல்லாம் எடுக்க வேண்டியவர். வருஷா வருஷம் அவரோடு பேரம் பேச எனக்கு மூன்று நாள் பிடிக்கும். காபி, வடை, பழைய கதை, கோபித்துக்கொண்டு எழுந்து போவது, படியிலிருந்து திரும்ப வருவது, எல்லாம் உண்டு.

"நான் வந்து பேசிக்கிறேன்னு சொல்லிட்டியா?"

"முடிஞ்சு போச்சு அண்ணாச்சி."

"ஓடிட்டானா?"

"எடுத்துட்டாரு. மொத்தமும். பாப்பா ஒரு விலை சொல்லுச்சு, இதுதான் கடைசின்னுச்சு. அவரு வழக்கம்போல எந்திரிச்சுப் படி வரைக்கும் போனாரு. பாப்பா கூப்பிடவே இல்லை, வேற ஆளுக்குக் குக்கர் எடுத்துக் காட்டப் போயிருச்சு. அவரே திரும்பி வந்துட்டாரு. ஒரே காபிதான் அண்ணாச்சி."

ஒரே காபி!

"நீ யாருக்குடா ஆளு?" என்றேன்.

"அண்ணாச்சி... பாப்பா எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு குடுத்திருக்கு" என்றான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மகள் கூப்பிட்டாள். மண்டபத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சாப்ட்டீங்களாப்பா? கால் வலிக்கலையே? அவசரமே இல்லப்பா, டிக்கெட்ட மாத்திப் போடுதேன், இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வாங்களேன்."

பெண்பிள்ளைக்குத்தான் இந்தப் பாசம் வரும்.

ஏப்ரல் 4

கிதாஜிமா தன் கடைக்கு அழைத்துப் போனார். அடக்கமான மரக்கடை. மகன் கல்லாவில், கண்ணாடி போட்டுக்கொண்டு. கிழவர் என்னை வாசலில் விட்டுவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டி ஏதோ சொல்லிவிட்டு, "ஆற்றங்கரைக்கு" என்று சைக்கிளில் போய்விட்டார். தன் கடைக்குள் ஏன் நுழையவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை, டப்பாவைப் பார்த்துவிட்டேன்.

செம்பு டப்பா. மூடியை மேலே சும்மா வைத்தால் போதும். தள்ள வேண்டாம், அமுக்க வேண்டாம். தன் எடையிலேயே மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், கீழே இறங்கி மூடிக்கொள்கிறது. என் ஆயுளில் எத்தனை மூடிகளைக் குத்தி மூடியிருக்கிறேன்! திறந்தேன், வைத்தேன், இறங்கியது. திறந்தேன், வைத்தேன். அந்தக் கடையில் இருந்த அத்தனை டப்பாவையும் பார்த்தேன். தகட்டின் கனம், பற்றவைப்பு, மொத்த விலை, சில்லறை விலை, பாலிஷ் போட எந்தப் பொடி, எல்லாம் கேட்டேன். மகன் ஒவ்வொன்றுக்கும் தலைவணங்கிப் பதில் சொன்னார்.

நடுவில் என் மணிக்கட்டைப் பார்த்து, "உங்கள் கைக்கடிகாரம் மிக அழகாக உள்ளது" என்றார்.

பார்த்தீர்களா, பொருள் தெரிந்தவன் கண்ணை! இது கழுகுமலையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இட்லிக் கொப்பரைக்கு மாற்றாகக் கொடுத்த வாட்ச். நின்றுவிடும், ஆட்டினால் ஓடும். கழற்றி ஆட்டிக் காட்டினேன். அந்தக் கொப்பரையின் கதை, வாத்தியார் கதை, அவர் சம்சாரம் மறுநாள் கொப்பரையோடு வந்து வாட்சைத் திருப்பிக் கேட்ட கதை, எல்லாம் சொன்னேன். போனின் பேட்டரி பாதியாகிவிட்டது.

பிறகு அவர், "தேநீர் ஊற்றிய சோறு அருந்துகிறீர்களா?" என்றார்.

உடனே சரி சொல்ல நான் என்ன பஞ்சத்துக்கா வந்தவன்? "வேண்டாங்க, இப்பத்தான் சாப்ட்டேன்" என்றேன். முகத்தில் ஒரு நிம்மதி போல் தெரிந்தது. மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே ஏதோ ஓட்டம். பின்வாசல் கதவு திறந்து மூடியது. ரொம்ப நேரம் கழித்து ஒரு கிண்ணம் வந்தது. சோற்றில் டீயை ஊற்றி, மேலே ஊறுகாய். நம் பழையது மாதிரிதான், சூடாக இருக்கிறது. நன்றாக இருந்தது. இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

ஒரு டப்பா வாங்கினேன். மகன் வாசல்வரை வந்து, நான் தெருமுனை திரும்பும்வரை குனிந்தபடியே நின்றார். இந்த மரியாதையை நம் ஊரில் பார்க்க முடியாது.

சாயங்காலம் மகளிடம் வாட்ச் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம்.

"ரெண்டாவது கிண்ணமும் வாங்கிச் சாப்ட்டீங்களா அப்பா?"

"ஆமா, ஏன்?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லா இருங்க."

ஏப்ரல் 5

ஆற்றங்கரையில் கிதாஜிமாவிடம் அவர் மகனின் உபசாரத்தைப் புகழ்ந்தேன். வாட்ச் என்றதும் சிரிக்க ஆரம்பித்தார். டீச்சோறு என்றதும் சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். இரண்டாவது கிண்ணத்துக்குப் பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டார்.

பிறகு போனைப் பிடுங்கிப் பேசினார். ஆப் நிறுத்தி நிறுத்தி வாசித்தது.

"எங்கள் ஊரில் கைக்கடிகாரத்தைப் பாராட்டினால், மணியைப் பாருங்கள், நேரமாகிவிட்டது என்று பொருள். தேநீர்ச் சோறு அருந்துகிறீர்களா என்றால், தயவுசெய்து எழுந்து செல்லுங்கள் என்று பொருள். அது பழங்கதை, இக்காலத்தில் எவரும் அவ்வாறு கூறுவதில்லை. என் மகன் மிகவும் களைப்புற்றிருக்க வேண்டும். வீட்டில் சோறும் இருந்திராது."

பின்வாசல் கதவு சத்தம் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சோறு! காது சூடாகிவிட்டது. மொத்த விலை கேட்டுக்கொண்டே இரண்டு கிண்ணம்!

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னும் ஒன்று சொன்னார்.

"கவலற்க. கடையை ஒப்படைத்த புதிதில் நான் தினமும் கடையில் அமர்ந்திருந்தேன். என் மகன் ஒவ்வொரு காலையும் என் கைக்கடிகாரத்தைப் பாராட்டினான்."

நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். வாட்ச் இல்லை.

"அதை அவனிடமே கொடுத்துவிட்டேன். மிதிவண்டி வாங்கிக்கொண்டேன்" என்றார்.

பிறகு மூன்று பாலம்வரை ஓட்டினோம். அவரை முந்தத் தோன்றவில்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வாங்களேன்ப்பா."

பாசமாகத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 6

சைக்கிள் எடுக்கவில்லை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

ஏப்ரல் 7

நானே கூப்பிட்டேன்.

"கனி, உண்மையச் சொல்லு. இருந்துட்டு வாங்கன்னா, வராதீங்கன்னு அர்த்தமா?"

 "யாருப்பா சொன்னா?" என்றாள்.

"ஒரு கிழவன் சொன்னான். பதில் சொல்லு."

"வராதீங்கன்னு இல்லப்பா. வந்ததும் நேரா கல்லாவுக்கு வராதீங்கன்னுதான்." அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, விலை சொல்லும் குரல். "நான் நாலு வருஷமா அங்க நிக்கேன். வாரவங்க எல்லாரும் எங்கிட்ட விலைய கேட்டுட்டு, உங்க மூஞ்சியப் பாப்பாங்க. நீங்க ஒரு கண்ண மூடுவீங்க, அவ்வளவுதான், நான் சொன்ன விலை செத்துப் போயிரும். நீங்க போன முதல் ரெண்டு நாளும் 'அண்ணாச்சி எங்க, அண்ணாச்சி எங்க'ன்னே கேட்டாங்க. மூணாவது நாள்தான் ஒருத்தரு என்னைப் பாத்து 'தங்கச்சி, இது என்ன விலை'ன்னாரு. நான் உள்ள போயி அழுதேன்ப்பா, சந்தோஷத்துல. அம்மாகிட்ட கேளுங்க."

கண்ணை மூடுகிறேனாம். எனக்கே தெரியாது. விடுதிக் கண்ணாடியில் போய் மூடிப் பார்த்தேன். இடது கண்.

"சரி, பார்ப்போம்" என்றேன்.

"அய்ய! எங்கிட்டயே பார்ப்போமா? அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? முடியும்னா முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க."

 தலையைச் சாய்த்துப் பல்லிடுக்கில் காற்றை இழுத்ததுதான் மிச்சம்.

பின்னாலிருந்து அன்னப்பழம் குரல்: "அந்தச் சாவிய அவரு சட்டைப்பையில பாக்கச் சொல்லு. ஊக்கே நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

ஏப்ரல் 8

கிதாஜிமாவுக்குக் கடைசி கடலை மிட்டாய்ப் பாக்கெட். அவர் தன் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் அதெல்லாம் ஆபத்து. உடனே வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது விடுதிக்கார அம்மா "இத்தெராஷ்ஷாய்" என்றார். நான் இனி வர மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அதைத்தான் சொன்னார். 'போங்க' என்பதை 'வாங்க' இல்லாமல் சொல்ல நமக்கும் வராது.

ஏப்ரல் 14, கோவில்பட்டி. சித்திரை ஒன்று

குளித்து, புது வேட்டி கட்டி, கடைக்குப் போனேன். கல்லா அப்படியே பூட்டியிருந்தது. அதன்மேல் பூப் போட்டு, பக்கத்தில் ஸ்டூலில் சொட்டைத் தூக்கு. செல்வக்கனி கல்லா நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தாள். தவசி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். உடம்பு அதில் தானாகப் போய்ப் பொருந்தியது. பூட்டைத் திறந்தேன். உள்ளே ஸ்டாம்ப் பேடு, உடைந்த மூக்குக்கண்ணாடி, அன்னப்பழத்தின் மாத்திரை. இதற்காகவா இத்தனை தூரம் சாவியைச் சுமந்தேன்!

ஒரு அம்மா வந்து குத்துவிளக்கு விலை கேட்டார். கனி சொன்னாள். அம்மா திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தார். நான் இரண்டு கண்ணையும் அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா பயந்துபோய் கனி சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து ஒருவர். அதற்கடுத்து இருவர். முழித்து முழித்துக் கண் எரிந்தது. எழுந்திருக்க மட்டும் மனசு வரவில்லை.

கனி பில் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அப்பா, உங்க வாட்ச் ரொம்ப அழகா இருக்கே" என்றாள்.

தவசிக்கு ஒன்றும் புரியவில்லை. "எது பாப்பா, அந்த ஓடாத வாட்சா?" என்றான்.

நான் சிரித்த சிரிப்பில் மேல் தட்டிலிருந்த டம்ளர் அடுக்கு சரிந்தது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"வாட்சைத் தர மாட்டேன். இதை வச்சுக்கோ" என்று சாவியைத் தூக்குக்குள் போட்டேன். சில்லறையோடு சில்லறையாகக் கிடந்தது.

"டீச்சோறு ஏதாவது சாப்டுறீங்களா அப்பா?"

"எந்திரிச்சிட்டேன் தாயி, விடு."

மாத்திரையை மட்டும், கையோடு கொண்டுவந்திருந்த செம்பு டப்பாவில் போட்டு மூடியை மேலே வைத்தேன். அது தன்னால் இறங்கட்டும் என்று அமுக்காமல், டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நேற்று வாங்கிய சைக்கிள். முன்னால் கூடை. கிதாஜிமாவின் மணி. பஜாரில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

"எங்கப்பா போறீங்க?"

"மாத்திரையக் குடுக்க வீட்டுக்கு. அப்புறம் கழுகுமலை வரைக்கும்."

"போயிட்டு வாங்க" என்றாள்.

இதற்கு ஆப் தேவையில்லை. ஏறி மிதித்தேன்.